எதிர்பார்ப்பின் சுமை: ‘ஃபவுஜி’யும் ஏமாற்றம் தந்த வீடியோ கேம்களும்

வெளிவருவதற்கு முன்பே பெரிதாகப் பேசப்பட்டு, வெளிவந்தபின் ஆடியவர்களைச் சோர்வடையச் செய்த வீடியோ கேம்கள் அத்துறையின் வரலாறு நெடுகிலும் உண்டு. 1982இல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஈ.டி.’, 2020இல் போலந்திலிருந்து வந்த ‘சைபர்பங்க் 2077’ ஆகியவை உலகறிந்த எடுத்துக்காட்டுகள். இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 2021 ஜனவரி 26 அன்று வெளியான ‘ஃபவுஜி’ என்னும் கைபேசி விளையாட்டு. அது எந்தச் சூழலில் அறிவிக்கப்பட்டது, என்னவாக வந்து சேர்ந்தது, அதற்கு முன்னும் பின்னும் இதேபோல் நடந்தவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளி மூடிய ஆண்டு

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, சென்னையின் மேற்கு மாம்பலம் போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு விளையாட இடமே இல்லாமல் போனது. தியாகராய நகரிலிருந்து துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்தால் தொடங்கும் இந்தப் பகுதியின் தெருக்கள் பலவும் குறுகியவை. இருபுறமும் அடுக்குமாடி வீடுகள். வாசலை ஒட்டி வரிசையாக இருசக்கர வாகனங்கள். சாதாரண நாளிலேயே மட்டையும் பந்துமாக இறங்கினால் யார் வீட்டு ஜன்னல் உடையுமோ என்ற பயம் உண்டு. ஊரடங்கில் அந்தத் தெருவும் கைவிட்டுப் போயிற்று. இணையவழி வகுப்புக்காக வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் கட்டாயமானது. காலையில் அதில் கணக்குப் பாடம், மாலையில் பப்ஜி.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு வீடியோ கேம் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. 2000களின் தொடக்கத்தில் சென்னைப் பையன்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடினார்கள். வீட்டில் கணினி இருந்தவர்கள் ரிச்சி தெருவில் குறுந்தகடு வாங்கி வந்தார்கள். 2018இல் இந்தியாவுக்கு வந்த ‘பப்ஜி மொபைல்’ இந்தத் தடைகள் எல்லாவற்றையும் நீக்கியது. பதிவிறக்கக் கட்டணம் கிடையாது. நடுத்தர விலைக் கைபேசியிலேயே ஓடும். நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, கிடைக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு, கடைசி ஆள் அல்லது கடைசி அணி மிஞ்சும்வரை மோதவேண்டும். ‘பேட்டில் ராயல்’ எனப்படும் வகை இது. நால்வர் ஓர் அணியாகச் சேரலாம், ஆடிக்கொண்டே பேசலாம். வகுப்பறை மூடிக் கிடந்த மாதங்களில், நண்பனின் குரலைத் தினமும் கேட்கக் கிடைத்த இடம் பலருக்கு அதுவாகத்தான் இருந்தது. அந்த ஆட்டத்தின் உலகளாவிய பதிவிறக்கங்களில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தியாவிலிருந்து வந்தவை.

தடையும் இரண்டு நாள் இடைவெளியும்

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினர் மோதிக்கொண்டதில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாக ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. செப்டம்பர் 2 அன்று மேலும் 118 செயலிகள் தடைப் பட்டியலில் சேர்ந்தன. பப்ஜி மொபைல் அவற்றில் ஒன்று. பப்ஜியின் மூல ஆட்டம் தென் கொரியாவில் உருவானது. ஆனால் கைபேசிப் பதிப்பை நடத்தியது சீனாவின் டென்சென்ட் நிறுவனம்.

தடை வந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 4 அன்று, இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் தமது ட்விட்டர் பக்கத்தில் ஓர் இந்திய விளையாட்டை அறிவித்தார். அதுதான் ஃபவுஜி. ‘ஃபியர்லெஸ் அண்ட் யுனைடெட் கார்ட்ஸ்’, அதாவது அச்சமற்ற, ஒன்றுபட்ட காவலர்கள் என்பதன் சுருக்கம். இந்தியில் ‘ஃபவுஜி’ என்றால் படைவீரர். ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்கு முன் ஒரு கோடு போட்டுப் பெயரைப் பிரித்து எழுதியதால், பப்ஜியின் எதிரொலியும் அதில் கேட்டது. உருவாக்கியது பெங்களூருவின் என்கோர் கேம்ஸ். அதன் நிறுவனர்களில் ஒருவரான விஷால் கோண்டல், 1999இல் இந்தியாகேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கைபேசி விளையாட்டுத் துறையில் நீண்ட அனுபவம் பெற்றவர்.

அறிவிப்பில் மூன்று செய்திகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பிரதமரின் தற்சார்பு இந்தியா இயக்கத்துக்கு இது துணை நிற்கும் என்பது முதலாவது. ஆடுவோர் படைவீரர்களின் தியாகத்தை அறிவார்கள் என்பது இரண்டாவது. நிகர வருவாயில் 20 விழுக்காடு, உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கான ‘பாரத் கே வீர்’ அறக்கட்டளைக்குப் போகும் என்பது மூன்றாவது. ஆட்டத்தை எப்படி ஆடுவது, எத்தனை பேர் ஆடலாம் என்பவை இவற்றுக்குப் பின்னால் மறைந்துபோயின.

பப்ஜி தடையால் கை வெறுமையாகி நின்ற இளைஞர்களுக்கு அந்த நேரத்தில் ஒரே கேள்விதான்: அதற்குப் பதில் என்ன? முதல் கட்டம் கல்வான் பின்னணியில் அமையும் என்று நிறுவனம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. ஆனாலும் செய்தித் தலைப்புகள் அதைப் ‘பப்ஜிக்கு மாற்று’ என்றே எழுதின. மாற்று என்ற சொல்லைப் படித்தவர் மனத்தில் நூறு பேர், விமானம், பாராசூட் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்தன.

வெளியீட்டு நாள்

முதலில் அக்டோபர் இறுதியில் வரும் என்றார்கள். அக்டோபர் 25 அன்று தசராவுக்கு ஒரு முன்னோட்டக் காணொளி மட்டும் வந்தது. நவம்பர் 30 அன்று கூகுள் பிளேயில் முன்பதிவு திறந்ததும் 24 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேர் பதிவு செய்தனர். வெளியீட்டுக்குள் அது 40 லட்சத்தைத் தாண்டியது. இலவசமாகக் கிடைக்கப்போகும் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பேர் முன்கூட்டியே வரிசையில் நின்றது, நம் ஊரில் பெரிய நாயகன் படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் கூடும் கூட்டத்தை ஒத்திருந்தது. படம் எப்படி என்று தெரிந்தபின் வரும் கூட்டம் அல்ல அது. வேண்டிய படம் இதுதான் என்று முன்பே முடிவு செய்துவிட்ட கூட்டம்.

2021 ஜனவரி 19 அன்று தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தன. ஒரு வாரம் கழித்து, குடியரசு நாளில், ஃபவுஜி ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு வந்தது.

திறந்தவர்கள் கண்டது தனியாள் ஆடும் ஒரு சிறு கதை. பனிமலைப் பாதையில் ஓர் இந்திய வீரர் நடக்கிறார். வழியில் எதிரிகளின் கூடாரங்கள். அவர்களைக் கையாலும் தடி போன்ற ஆயுதங்களாலும் அடித்து வீழ்த்த வேண்டும். களைத்தால் எரியும் நெருப்பின் அருகில் அமர்ந்து உடல்நலம் தேறிக்கொள்ளலாம். பிறகு அடுத்த கூடாரம். துப்பாக்கி இல்லை; அணியாக ஆட வழியில்லை; நண்பரோடு பேச முடியாது. பலர் ஆடும் முறைகள் ‘விரைவில்’ என்ற அறிவிப்போடு பூட்டிக் கிடந்தன. சில நிமிடங்களிலேயே ஒரே அடிதடி திரும்பத் திரும்ப வருவதை ஆடியவர்கள் உணர்ந்தார்கள்.

பிளே ஸ்டோரில் தொடக்கத்தில் 4 நட்சத்திரத்துக்கு மேல் இருந்த மதிப்பீடு, சில நாட்களில் 3 நட்சத்திர அளவுக்கு இறங்கியது. பப்ஜி ரசிகர்கள் வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டார்கள் என்ற வாதமும் எழுந்தது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஆட்டத்தில் உள்ளடக்கம் குறைவு, அசைவுகள் தடைப்படுகின்றன, ஒன்றே மீண்டும் வருகிறது என்ற குறைகளை விமர்சகர்களும் சொன்னார்கள்.

கல்வான் என்னும் பின்னணி

ஃபவுஜியின் ஏமாற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. ஆட்டத்தில் துப்பாக்கி இல்லாதது மிகப் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. வரலாற்றின்படி பார்த்தால் அதுதான் சரி. 1996இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, உண்மையான கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடு நடத்துவதைத் தடுக்கிறது. கல்வானில் இரு தரப்பும் கற்களாலும் தடிகளாலும் கைகளாலும் மோதிக்கொண்டதற்கு இது ஒரு காரணம். ஆகவே நடந்த நிகழ்ச்சிக்கு ஆட்டம் ஓரளவு நேர்மையாக இருந்தது. பப்ஜிக்கு மாற்று என்று எண்ணி வந்தவர்களின் எதிர்பார்ப்புக்குத்தான் அது பொருந்தவில்லை.

மறுபுறம், படைவீரர்களின் தியாகத்தை அறியச் செய்யும் என்ற வாக்குறுதியும் நிறைவேறவில்லை. கல்வானில் உயிர் நீத்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனியும் ஒருவர். 2021 குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட விருதுகளில் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே குடியரசு நாளில்தான் ஃபவுஜியும் வெளியானது. அந்த இரவின் குளிர், உயரம், இருட்டு, சுடக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் நின்ற மனிதர்களின் நிலை ஆகியவற்றை ஆட்டமாக்கியிருந்தால், மாணவர் ஒருவர் பாடநூலில் பெறாத ஒன்றைப் பெற்றிருப்பார். கிடைத்ததோ கூடாரத்துக்குக் கூடாரம் அடிதடி. அந்த நிகழ்ச்சி நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. இழப்பு இன்னும் ஆறாத குடும்பங்கள் இருந்தன. அத்தகைய பொருளைக் கையில் எடுப்பவர்களுக்கு மற்ற ஆட்டக்காரர்களைவிடக் கூடுதலான காலமும் அக்கறையும் தேவைப்பட்டன.

நாயகன் பெயரில் வந்த ஆட்டங்கள்

நாட்டுப்பற்றின் இடத்தில் சினிமா நாயகனை வைத்தால், இந்தியாவில் இதற்கு முன்பும் இதே கதை நடந்திருப்பது தெரியும். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்து 2005இல் தமிழில் வந்த ‘கஜினி’, 2008 டிசம்பரில் ஆமிர் கான் நடிப்பில் இந்தியில் வந்து பெருவெற்றி பெற்றது. அதையொட்டி ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லேப்ஸ் நிறுவனம் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. இந்தியாவின் முதல் உண்மையான முப்பரிமாணக் கணினி விளையாட்டு என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதையும் நினைவில் வைக்க முடியாத ஒருவன், குறிப்புகளையும் படங்களையும் நம்பி எதிரியைத் தேடுவது என்பது ஆட்டமாக்க அருமையான கரு. ஆனால் வந்த ஆட்டத்தில் சண்டையே முன்னால் நின்றது. படத்தின் புகழில் ஒரு பங்குகூட அதற்குக் கிட்டவில்லை.

2011 அக்டோபரில் ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ படத்தையொட்டிப் பிளேஸ்டேஷனுக்கு ஓர் ஆட்டம் வந்தது. படத்தின் கதையே ஒரு வீடியோ கேமைப் பற்றியது. திரையில் வில்லன் ஆட்டத்தை உடைத்துக்கொண்டு உயிரோடு வெளியே வருவான். தமிழ் ரசிகர்களுக்கு ரஜினிகாந்த் சிட்டியாக ஒரு காட்சியில் தோன்றியது கூடுதல் ஈர்ப்பு. கடையில் கிடைத்த ஆட்டம் அந்தக் கற்பனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2014 மே மாதம் வெளியான ரஜினியின் ‘கோச்சடையான்’ படத்துக்கும் கைபேசி விளையாட்டு வந்தது. படத்தின் பெயரில் கைபேசிகளே விற்பனைக்கு வந்தன. பலமுறை தள்ளிப்போன அந்தப் படம் எழுப்பிய எதிர்பார்ப்பில் ஆட்டம் ஒரு துணைப் பொருளாகவே வந்து போயிற்று.

இந்த ஆட்டங்களை இணைக்கும் நூல் ஒன்று உண்டு. ஆட்டம் எந்த நாளில் வரவேண்டும் என்பதை அதன் தயாரிப்பாளர்கள் தீர்மானிக்கவில்லை. படம் வெளியாகும் நாள் தீர்மானித்தது. படத்தின் சூடு ஆறினால் ஆட்டம் விற்காது என்பதால், முடிந்த அளவில் வெளியிட வேண்டியதாயிற்று. ஃபவுஜியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பப்ஜி இல்லாத இடைவெளி நீண்ட நாள் நிற்காது. அது மூடுவதற்குள் வரவேண்டும், அதுவும் ஒரு தேசிய நாளில் வரவேண்டும்.

ஐந்து வாரத்தில் ஓர் ஆட்டம்

இந்த வழக்கத்தின் பழைய வடிவத்தை 1982இல் அமெரிக்காவில் காணலாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் அந்த ஆண்டு ஜூனில் வெளியாகி வசூலைக் குவித்தது. அதன் ஆட்ட உரிமையை அடாரி பெரும் தொகை கொடுத்து வாங்கியது. பேச்சு முடிந்தபோது ஜூலை இறுதி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைக்குப் போக வேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்தில் ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்யவேண்டிய வேலைக்கு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற வடிவமைப்பாளருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். அவர் அதற்கு முன் நல்ல ஆட்டங்களைச் செய்தவர், திறமைக்குக் குறைவில்லை.

படத்தின் பெயரை நம்பிச் சுமார் 40 லட்சம் ஆட்டப் பெட்டிகள் தயாரிக்கப்பட்டன. விற்றவை சுமார் 15 லட்சம். குழிக்குள் விழுந்து, ஏறி, மறுபடி விழும் அந்த ஆட்டத்தைக் குழந்தைகள் சலிப்போடு ஓரங்கட்டினர். 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக் கிடங்கில், விற்காத பல ஆட்டங்களோடு ஈ.டி.யையும் அடாரி புதைத்தது. நீண்ட காலம் வதந்தி என்றே பலர் நினைத்த இச்செய்தி, 2014 ஏப்ரல் 26 அன்று அங்கே தோண்டியபோது மெய்யானது. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்தது அதன் முக்கியக் காரணம், ஈ.டி. அதன் அடையாளமாக நின்றுவிட்டது.

திருத்திக்கொள்ள முடிந்தவை

ஈ.டி. காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு, விற்ற ஆட்டத்தை இணையம் வழியாகத் திருத்த முடிவது. 2016 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஒரு சிறு குழு ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளி ஆட்டத்தை வெளியிட்டது. முன்பு பேட்டிகளில் சொன்ன பல அம்சங்கள் அதில் இல்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். குழு பேச்சைக் குறைத்து வேலையில் இறங்கியது. ஆண்டுக்கணக்கில் இலவசமாகப் புதுப்பித்துக்கொண்டே போய், இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற்றது.

‘சைபர்பங்க் 2077’ 2012இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போய் டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது தடுமாறியது. ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் அங்கே இடம் கிடைத்தது. 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு அதே ஆட்டம் பாராட்டப்பட்டது. கோடிக்கணக்கான டாலர் கையில் இருந்த நிறுவனத்துக்கும் அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு பிடித்தது.

ஃபவுஜியும் திருந்த முயன்றது. 2021 ஜூன் 21 அன்று அணியாக மோதும் முறையை, இம்முறை துப்பாக்கிகளோடு, சோதனைப் பதிப்பாகத் தந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஜூலை 2 அன்று பப்ஜியின் இந்தியப் பதிப்பான ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வைக் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் ஆண்ட்ராய்டில் வெளியிட்டது. பிரிந்த நண்பர்கள் பழைய தீவுக்கே திரும்பினர். நிறுவனத்தின் கணக்குப்படி ஓராண்டில் 10 கோடிப் பேர் அதில் பதிந்தனர். 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது தனிக்கதை. ஃபவுஜி என்ற பெயர் 2025 ஜனவரியில் ‘ஃபவுஜி: டாமினேஷன்’ என்ற புதிய ஆட்டமாக மறுபடி வந்தது. இம்முறை துப்பாக்கியும் அணிகளும் முதல் நாளிலிருந்தே இருந்தன.

ஆரவாரமின்றி வந்தவை

இந்தியர்களாலோ தமிழர்களாலோ நல்ல ஆட்டம் செய்ய முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு ‘ராஜி’ என்ற ஆட்டத்துக்கு 2017இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்ட முயன்று தோற்றது. ஆனாலும் விடாமல் உழைத்து 2020இல் வெளியிட்டது. இந்தியத் தொன்மங்களையும் ராஜஸ்தானிக் கட்டடக் கலையையும் கொண்ட அந்த ஆட்டம், அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிந்துரையைப் பெற்றது. ஃபவுஜி அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு அது. ஆனால் அதன் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

2023 ஜூலை 31 அன்று கனடாவின் டொரண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. அழிந்த இடத்தை ஊகித்து இட்லி வார்ப்பதும் புட்டு அவிப்பதும்தான் ஆட்டம். தமிழை விட்டு விலகும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலான தூரம் அந்த அடுப்படியில் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நூறு பேர் ஆடும் ஆட்டம் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னதைச் செய்தது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைசிறந்த பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அறிமுக ஆட்டப் பரிசும் அதற்குக் கிடைத்தன.

முடிவாக

ஈ.டி.க்குக் கிறிஸ்துமஸ், கஜினிக்குப் படத்தின் சூடு, ஃபவுஜிக்குக் குடியரசு நாள் என்று ஒவ்வொன்றிலும் நாள் முதலில் வந்தது. ஆட்டம் அதற்குப் பின்னால் ஓடியது. ஒவ்வொன்றிலும் மக்கள் காத்திருந்தது வேறொன்றுக்காக. ஒரு படத்தை மீண்டும் வாழ ஆசைப்பட்டார்கள், பிரிந்துபோன நண்பர் அணியைத் திரும்பக் கேட்டார்கள், நாட்டின் மீதுள்ள அன்பைக் காட்ட ஒரு வழி தேடினார்கள். இவை எல்லாம் உண்மையான உணர்வுகள். அந்த உணர்வை வாங்கிக்கொண்டு அரைகுறைப் பொருளைத் திருப்பித் தரும்போது, ஆட்டம் மட்டும் தோற்பதில்லை. நம் நாட்டில் செய்த ஆட்டத்தை நம்பி முன்பதிவு செய்த பிள்ளை, அடுத்த முறை ‘நம்ம ஊர் கேமா?’ என்று உதட்டைப் பிதுக்குவதும் சேர்ந்து வருகிறது. அந்த அவநம்பிக்கையின் விலையைக் கொடுப்பவர்கள், பல ஆண்டு உழைத்து ஆரவாரமின்றி நல்ல ஆட்டம் செய்யும் சிறு குழுக்கள்தான்.

ஆகவே புதிய ஆட்டம் ஒன்றின் அறிவிப்பைப் பார்க்கும்போது, யார் விளம்பரம் செய்கிறார் என்பதைவிட ஆடும் காட்சி காட்டப்பட்டிருக்கிறதா, அதில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுப் பார்ப்பது பயன் தரும். கல்வானின் பெயரைச் சொல்லும் ஆட்டமானால் இன்னொரு கேள்வியும் உண்டு: அதை ஆடி முடித்த பிள்ளைக்கு, அங்கே உயிர் நீத்த பழனியைப் பற்றி ஒரு வரியாவது தெரியவருமா?